கடல் பற்றிப் பன்னிரண்டு நூல்கள்: நான்கு மாதங்களில் இரண்டுதான் முடிந்திருக்கின்றன, என்ன செய்யலாம்?

பக்கக்குறி:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுத் தொடக்கத்தில், வாசிப்பில் ஈடுபாடுள்ள நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, ஒரே கருப்பொருளில் அமைந்த பன்னிரண்டு நூல்களை ஓராண்டுக்குள் படித்து முடிக்கும் சவாலில் இறங்கினேன். நாங்கள் தேர்ந்துகொண்ட கருப்பொருள் கடல். நூல் எந்த வகையைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆனால் கடல் அதில் வெறும் பின்னணியாக நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு நூலையும் முடித்தவுடன் ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதிக் குழுவினருக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் விதிகள்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டுப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு மாதங்கள் கழிந்த நிலையில் அதில் இரண்டு வரிகளுக்கு எதிரேதான் குறி விழுந்திருக்கிறது. ஒன்று, ரேச்சல் கார்சன் கடலைப் பற்றி 1951-இல் வெளியிட்ட அறிவியல் நூல். மற்றொன்று, தோர் ஹெயர்டால் 1947-இல் ஐந்து தோழர்களோடு பால்சா மரத் தெப்பத்தில் 101 நாள்கள் பசிபிக் பெருங்கடலில் சென்ற பயணத்தின் வரலாறு. இரண்டையும் மகிழ்ச்சியோடு படித்தேன். மூன்றாவதாக எடுத்த, ஹெர்மன் மெல்வில் எழுதிய மோபி டிக்கில்தான் நின்றுபோனேன். 135 அத்தியாயங்கள் கொண்ட அந்த நாவலில், திமிங்கில வகைகளை ஒவ்வொன்றாக விவரிக்கும் 32-ஆவது அத்தியாயத்தில் செருகிய அட்டை ஆறு வாரங்களாக அங்கேயே இருக்கிறது.

என்னை உண்மையில் வருத்துவது தாமதம் அன்று. இப்போதெல்லாம் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி எத்தனை பக்கம் என்று பார்க்கிறேன். மெலிந்த நூல் என்றால் மனம் நிம்மதி அடைகிறது. இந்தப் பழக்கம் எனக்கு முன்பு இருந்ததில்லை. மோபி டிக்கைக் கைவிட்டு வேறு நூலுக்குப் போகலாமா? கவிதைத் தொகுப்பையும், முன்பே படித்த நூலை மறுபடி படிப்பதையும் கணக்கில் சேர்க்கலாமா? அல்லது சவாலிலிருந்தே விலகிவிடுவது நேர்மையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவுவாசகி:

வணக்கம் நண்பரே. நான் மூன்று ஆண்டுகளாக இத்தகைய கருப்பொருள் வாசிப்பில் பங்கெடுத்து வருகிறேன். முதல் ஆண்டில் நானும் உங்களைப் போலவே பட்டியலின் பாரத்தால் தளர்ந்தேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் நின்றிருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த 32-ஆவது அத்தியாயத்தை விலங்கியல் பாடமாக எண்ணிப் படித்தால் யாருக்கும் சலிப்புத்தான் வரும். அங்கே கதைசொல்லி திமிங்கிலங்களை எப்படிப் பிரிக்கிறான் என்று இன்னொரு முறை பாருங்கள். பழைய அச்சகத்தார் தாளை மடிக்கும் முறையை வைத்துப் புத்தக அளவுகளுக்கு இட்ட பெயர்களைத் திமிங்கிலங்களுக்குச் சூட்டுகிறான். ஒரே ஒரு முறை மடித்த தாளில் அமையும் பெரிய அளவு ஃபோலியோ. தாள் எட்டு இதழ்களாகும் அளவு ஆக்டேவோ. பன்னிரண்டு இதழ்களாகும் சிறிய அளவு டியூவோடெசிமோ. மிகப் பெரிய திமிங்கிலங்கள் ஃபோலியோ, சின்னஞ்சிறியவை டியூவோடெசிமோ. கடலை ஒரு நூலகமாக்கி அடுக்கிவிட முயன்று, முடிவில் அந்த அடுக்கு முற்றுப்பெறாது என்று அவனே ஒப்புக்கொண்டு, உச்சியில் பளுதூக்கி நின்றபடியே விடப்பட்ட, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தோடு தன் முயற்சியை ஒப்பிடுகிறான். நாவல் வெளிவந்த 1851-இல் அந்த ஆலயம் உண்மையிலேயே அரைகுறையாகத்தான் நின்றது. 1880-இல்தான் கட்டி முடித்தார்கள். கடலைப் பட்டியலுக்குள் அடக்க முயன்ற ஒருவனைப் பற்றிய பக்கங்களில்தான் உங்கள் அட்டை செருகப்பட்டிருக்கிறது. கடலைப் பற்றிப் பட்டியல் போட்ட நமக்காகவே எழுதியதைப் போன்ற அத்தியாயம் அது.

அடுத்து, கருப்பொருள் வாசிப்பின் பயன் எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பன்னிரண்டு நூல்களைத் தனித்தனியே முடிப்பதில் அது இல்லை. ஒரு நூல் எழுப்பிய கேள்விக்கு மற்றொரு நூல் மறுமொழி சொல்லும்போதுதான் அது கிடைக்கிறது. கார்சனின் நூலில் காற்றும் நீரோட்டமும் பெருங்கடலை எப்படி இயக்குகின்றன என்று படித்த பிறகு, அதே காற்றையும் நீரோட்டத்தையும் நம்பித் தெப்பத்தில் ஏறிய அறுவரின் கதையைப் படித்திருக்கிறீர்கள். இந்த இணைப்பு தற்செயலாக நேர்ந்தது. அடுத்ததைத் தெரிந்தே அமைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஸெக்ஸ் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலை 1820 நவம்பர் 20 அன்று பசிபிக் பெருங்கடலில் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று மோதி மூழ்கடித்தது. மூன்று படகுகளில் தப்பிய இருபது பேரில் எட்டுப் பேரே உயிர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவரான முதல் துணை அதிகாரி ஓவன் சேஸ் அடுத்த ஆண்டே அதைச் சிறு நூலாக எழுதினார். மெல்வில் தாமும் ஒரு வேட்டைக் கப்பலில் பணியாற்றிய இளம் வயதிலேயே அதைப் படித்திருந்தார். மோபி டிக்கின் 45-ஆவது அத்தியாயத்தில் எஸ்ஸெக்ஸின் பெயர் வெளிப்படையாகவே வருகிறது. ஆகவே நாவலை மூடி வைத்துவிட்டுச் சேஸின் நூலை முதலில் படியுங்கள். நீங்கள் நின்ற இடத்துக்கும் அந்தப் பெயர் வரும் இடத்துக்கும் இடையே பதின்மூன்று அத்தியாயங்கள்தாம். பிழைத்து வந்தவரின் சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகும்போது அந்த அத்தியாயங்கள் முன்போல் கனக்காது.

கணக்கன்:

பக்கக் கணக்கே உங்களை அச்சுறுத்துகிறது என்பதால் அந்தக் கணக்கை ஒரே ஒரு முறை முழுமையாகப் போட்டுவிடுங்கள். ஒரு நூலுக்குச் சராசரி 250 பக்கம் என்று கொண்டால் மீதமுள்ள பத்து நூல்களுக்கு 2,500 பக்கம். மீதமுள்ள எட்டு மாதங்களை 240 நாள்களாகக் கொண்டால் நாளொன்றுக்குப் பத்துப் பதினொரு பக்கம் வருகிறது. உறங்கப் போகுமுன் அரை மணி நேரத்தில் முடியக்கூடிய அளவு. பெரிய நாவல் ஒன்று இருப்பதால் அதைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவே. விலக வேண்டிய நிலைமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அலையோரம்:

முன்னர் எழுதிய இருவரும் நாவலை எப்படியாவது முடிக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் அங்கே மாறுபடுகிறேன். ஒரு நூல் இந்த ஆண்டு நமக்குத் திறக்கவில்லை என்றால் அதை எடுத்து வைப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் எடுத்து வைக்கும் நூலுக்கும் குறிப்பு எழுதுங்கள்: எந்தப் பக்கத்தில் நின்றேன், அதுவரை அது கடலைப் பற்றி எனக்கு என்ன சொன்னது, எதனால் நின்றேன். இதைக் குழுவினரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு வேறு நூலை அந்த எண்ணில் எழுதிக்கொண்டால் நேர்மைக்கு எந்தக் குறையும் வராது.

கவிதையைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் வாசிப்பவர் கடலைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டு நெய்தலைத் தொடாமல் ஆண்டை முடித்தால் அதுதான் எனக்கு வருத்தம் தரும். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு இருக்கிறதே! மூன்றடி முதல் ஆறடி வரையிலான நூறு பாடல்கள், பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டவை; அவற்றில் இரண்டு மட்டும் இன்று கிடைக்கவில்லை. பக்க எண்ணிக்கையில் அது மெலிந்த நூல்தான். ஆனால் விரைந்து படித்தால் கையில் ஒன்றும் நிற்காது. வெள்ளாங்குருகுப் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாங்குருகின் குஞ்சைக் காணச் சென்ற நாரை என்ற ஒரே தொடக்கம் பத்துப் பாடல்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் பிறகு வரும் அடிகளில்தான் ஒவ்வொரு பாடலும் வேறு வேறு துயரத்துக்கோ ஊடலுக்கோ திரும்புகிறது. நான் அதை நாளுக்கு ஒரு பத்து என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடலையும் வாய்விட்டு இருமுறை படித்தேன். பத்து நாள்கள் ஆயின. ஐந்நூறு பக்க நாவலை முடித்தபோதுகூட அவ்வளவு நிறைவு எனக்குக் கிட்டியதில்லை.

மறுவாசிப்பையும் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. முன்பு கடலைக் கருதாமல் படித்த நூலாக அது இருக்க வேண்டும். கதைமாந்தரை மட்டும் பின்தொடர்ந்து படித்த நாவலை, இம்முறை கடல் எங்கெல்லாம் முடிவைத் தீர்மானிக்கிறது என்று பார்த்துப் படிக்கும்போது அது வேறு நூலாகவே தோன்றும்.

பக்கக்குறி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு 32-ஆவது அத்தியாயத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன். ஆக்டேவோ, டியூவோடெசிமோ என்ற சொற்களை முன்பு பொருள் விளங்காமலே கடந்துவிட்டிருக்கிறேன். இம்முறை கொலோன் ஆலயம் வரும் வரிகளில் நெடுநேரம் நின்றேன். ஆயினும் இரவுவாசகி அவர்கள் சொன்னபடி நாவலை இப்போதைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு, ஓவன் சேஸின் நூலை மின்னூலாகத் தொடங்கியிருக்கிறேன். அலையோரம் அவர்கள் சொன்ன நிறுத்தக் குறிப்பையும் குழுவுக்கு அனுப்பினேன். வேறு இருவரும் தாங்கள் பாதியில் விட்ட நூல்களைப் பற்றி உடனே எழுதினார்கள்.

குறிப்பேட்டில் பழைய பட்டியலை அடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் எண்கள் இல்லாமல், எந்த நூலிலிருந்து எந்த நூலுக்குப் போகிறேன் என்பதைக் கோடிட்டு இணைத்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். கார்சனிலிருந்து தெப்பத்துக்கு ஒரு கோடு, சேஸிலிருந்து மோபி டிக்கிற்கு ஒரு கோடு. நெய்தல் நூறு மட்டும் இன்னும் எதனோடும் இணையாமல் பக்கத்தின் நடுவில் தனியாக இருக்கிறது. நாளை அதன் முதல் பத்தைப் படிக்கப் போகிறேன்.