நைட் டியூட்டி முடிச்சவங்களுக்கு மூச்சுப் பயிற்சி: நலனா, கூடுதல் டியூட்டியா?

நைட்_சிஸ்டர்
எங்க ஆஸ்பத்திரியில (தனியார், பேர் வேண்டாம்) புது சர்க்குலர். "பணியாளர் நலன்" திட்டமாம். சனிக்கிழமை காலை 9 மணிக்கு மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு வகுப்பு. நைட் பார்த்தவங்களும் வரணும். எங்களுக்கு டியூட்டி முடியுறது 8 மணிக்கு. அடுத்த ஷிஃப்ட்காரங்களுக்கு ஹேண்ட் ஓவர் கொடுத்து, மருந்துக் கணக்கு எழுதி முடிக்கவே எட்டரை தாண்டிடும். அப்புறம் கான்ஃபரன்ஸ் ஹால்ல கண்ணை மூடி மூச்சை இழுத்து விடணும். வராதவங்களுக்கு மெமோ. நலனுக்கு மெமோ கொடுக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன். வகுப்பே வேண்டாம், ஐசியூவுக்கு ஆள் போடுங்கன்னு சொன்னா தப்பா?

நிர்வாகி_கோவை
வேறொரு மருத்துவமனையில் ஹெச்.ஆர் பொறுப்பில் இருக்கிறேன். மெமோ தவறு, நைட் முடித்தவர்களைக் கூப்பிட்டதும் தவறு. ஆனால் "வகுப்பே வேண்டாம்" என்பதை ஏற்க மாட்டேன். ஒரு பயிற்சியாளருக்குக் கொடுக்கும் தொகையும் ஒரு நர்ஸின் வருடச் சம்பளமும் ஒன்றா? பணம் இருந்தாலும் ஆள் நிற்பதில்லை. அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வளைகுடா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆள் வரும்வரை இருப்பவர்களுக்கு எதுவுமே செய்யாமல் இருக்கச் சொல்கிறீர்களா? எங்களிடம் குழந்தைகள் ஐசியூவில் ஒரு இறப்புக்குப் பிறகு கவுன்சலரிடம் பேசிவிட்டு, "ராஜினாமா எழுதி வெச்சிருந்தேன் சார், கிழிச்சுட்டேன்" என்று ஒரு பெண் சொன்னார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நைட்_சிஸ்டர்
ஏன் போறாங்கன்னு எப்பவாவது கேட்டீங்களா சார்? ஐசியூவுல ஒரு பேஷண்ட்டுக்கு ஒரு நர்ஸ்னு நர்சிங் கவுன்சில் கணக்கு இருக்கு. லீவுக்குத் தனியா 30 சதவீதம் ஆள் வைக்கணும்னும் இருக்கு. நான் பார்க்கிறது மூணு பேரை, அதுல ரெண்டு வென்டிலேட்டர். ஒருத்தருக்கு சக்‌ஷன் போட்டுட்டு இருக்கும்போது அடுத்த பெட்ல இன்ஃப்யூஷன் பம்ப் கத்தும். சிரிஞ்ச் மாத்தப் போனா மூணாவது பேஷண்ட் ட்யூபைப் பிடுங்கப் பார்ப்பார். நைட்ல தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டோம், பாத்ரூம் போனா பெட்டை யார் பார்ப்பா? யூரினரி இன்ஃபெக்‌ஷன் வராத ஸ்டாஃப் எங்க யூனிட்ல குறைவு. சாப்பாடு லினன் ரூம்ல, பெட்ஷீட் மூட்டை மேல உட்கார்ந்து. 2021-ல ஜவுளிக்கடை ஊழியர் உட்கார நாற்காலி போடணும்னு நம்ம மாநிலத்துல சட்டமே திருத்தினாங்க. எங்களுக்கு மூட்டைதான்.

ஒப்பந்த_நர்ஸ்_தெற்கு
அரசு பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? எம்.ஆர்.பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி 2015-ல 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துல சேர்ந்தவங்க நாங்க. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னாங்க. போராடிப் போராடி 18,000 ஆச்சு. இன்னும் நிரந்தரம் ஆகாம எத்தனையோ பேர். மாசக் கடைசியில கடனை நினைச்சுத் தூக்கம் வராதவங்களுக்கு எந்த மூச்சுப் பயிற்சி உதவும்?

ஓய்வுபெற்ற_சர்ஜன்
எல்லாம் சரி. ஆனால் பேச்சு கடைசியில் "டியூட்டி நேரத்தைக் குறை" என்பதில்தான் போய் நிற்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ராத்திரி வயிற்று வலியோடு வந்தவரைக் காலை வரை அதே கை தொட்டுப் பார்த்தால்தான் வயிறு இறுகுவது தெரியும். ஷிஃப்ட் மாறினால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு தகவல் விழும். அமெரிக்காவில் 2011-ல் முதல் வருட மருத்துவர்கள் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றார்கள். 2017-ல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். இடையில் அறுவை சிகிச்சைத் துறைகளில் நடந்த பெரிய ஆய்வில், நேர வரம்பைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளுக்குப் பாதிப்பு கூடவில்லை. நாங்களும் 36 மணி நேரம் நின்றவர்கள்தான்.

பிஜி_செகண்ட்_இயர்
சார், மரியாதையோட ஒரு விஷயம். அதே ஆய்வுல, வரம்பைத் தளர்த்தின இடத்து ரெசிடென்ட்கள் (பயிற்சியில இருக்கிற டாக்டர்கள்) குடும்பம், ஓய்வு, உடம்பு எல்லாம் கெடுதுன்னு கூடுதலா சொன்னாங்க. அதை விட்டுட்டீங்க. நோயாளிக்குப் பாதிப்பு ஆகலைங்கிறதால எங்களுக்கும் ஆகலைன்னு ஆயிடுமா? அப்புறம் 2004-ல ஹார்வர்டுக்காரங்க ஐசியூ இன்டர்ன்களை வெச்சுப் பார்த்தாங்க. பழைய நீண்ட டியூட்டியில கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம். அடுத்த வருஷமே இன்னொரு ஆய்வு: 24 மணி நேரத்துக்கு மேல டியூட்டி பார்த்துட்டு வண்டி ஓட்டிப் போறவங்களுக்கு விபத்து வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேல. அங்க காரு. இங்க நாங்க பைக்.

கைமாற்றத்துல தகவல் விழுதுன்னா கைமாற்றத்தைச் சரி பண்ணணும். அதுக்கு ஒழுங்கான முறை வெச்ச குழந்தைகள் ஆஸ்பத்திரிகள்ல தவறுகள் 23 சதவீதம் குறைஞ்சதா 2014-ல வந்திருக்கு. நம்ம ஊர்ல கைமாற்றம்னா காரிடார்ல நடந்துக்கிட்டே "12-ம் பெட்டைப் பார்த்துக்கோ மச்சி"தான்.

இன்னொண்ணு. ரெசிடென்ட்டுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சுல 12-க்கு மேல கூடாதுன்னு மத்திய சுகாதாரத் துறை 1992-லயே உத்தரவு போட்டிருக்கு. 2024-ல தேசிய மருத்துவ ஆணையத்தோட பணிக்குழு 74-க்கு மேல வேண்டாம்னு பரிந்துரை செய்யுது. 32 வருஷத்துல 48, 74 ஆகியிருக்கு. இதுக்குப் பேரும் சீர்திருத்தம்.

ஓய்வுபெற்ற_சர்ஜன்
"சாதாரணமாக" என்ற வார்த்தை 1992 உத்தரவில் உண்டு தம்பி. நம் ஊர் கேஷுவாலிட்டியில் எந்த நாள் சாதாரண நாள்?

பிஜி_செகண்ட்_இயர்
அந்த ஒரு வார்த்தையிலதான் சார் முப்பது வருஷம் ஓடியிருக்கு.

வார்டுக்கு_வெளியே
எங்கப்பாவைப் பெரியாஸ்பத்திரியில வெச்சிருந்தப்ப ஒரு சிஸ்டர்கிட்ட டிரிப் தீர்ந்துடுச்சுன்னு சொன்னதுக்குக் கத்தினாங்க பாருங்க, இன்னும் மறக்கலை. உங்க அழுத்தத்தை எங்க மேல இறக்குறீங்க. அதையும் பேசுங்க.

நைட்_சிஸ்டர்
கத்தினது தப்புதான் அண்ணா. அந்த நேரத்துல அவங்க கையில எத்தனை பெட் இருந்துச்சுன்னும் பார்த்திருக்கலாம். உங்க பக்கத்துலயிருந்து எங்க மேல இறங்குறதும் உண்டு. 2024 நவம்பர்ல கிண்டி ஆஸ்பத்திரியில நோயாளியோட மகன் டாக்டரைக் கத்தியால குத்தினதைத் தமிழ்நாடே பார்த்துச்சு. மருத்துவமனையில வன்முறையைத் தடுக்க 2008-லயே இங்க சட்டம் இருக்கு. நைட்ல வார்டு வாசல்ல ஒரு செக்யூரிட்டி நிக்கிறாரான்னு போய்ப் பாருங்க.

மனநல_மருத்துவர்_மதுரை
இரண்டு பக்கமும் பாதி சரி. பர்ன்அவுட் (வேலை அழுத்தத்தால் முற்றிலும் சோர்ந்துபோவது) நோய் அல்ல, வேலையிடத்தில் உருவாகும் நிலை என்றுதான் 2019-ல் உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தியது. காரணம் ரோஸ்டரில் (டியூட்டி அட்டவணையில்) இருக்கும்போது மருந்தை ஆளுக்கு மட்டும் கொடுத்தால் நிற்காது. அதிர்ச்சிக்குப் பிறகு எல்லாரையும் கட்டாயமாக உட்காரவைத்து ஒரே ஒருமுறை பேசவைப்பதால் பின்விளைவு குறைகிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் சிஸ்டர், தானாகத் தேடி வருபவருக்கு ஆலோசனை நிச்சயம் உதவும். நிர்வாகி சொன்ன அந்தப் பெண்ணை நான் நம்புகிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளேயே இருக்கும் சைக்யாட்ரி ஓ.பி-க்கு (மனநலப் புறநோயாளிப் பிரிவு) ஊழியர் வர மாட்டார்கள், மதியத்துக்குள் மேட்ரன் (தலைமை நர்ஸ்) காதுக்குப் போய்விடும். எங்கள் ஆட்களிடம் 14416-க்கு அழைக்கச் சொல்கிறேன். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், செலவில்லை.

நிர்வாகி_கோவை
டாக்டர் சொன்னதை ஏற்கிறேன், கட்டாயம் கூடாது. சிஸ்டர், உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்: வகுப்பு டியூட்டி நேரத்துக்குள் இருக்க வேண்டும், மதியம் 2 முதல் 3 வரை, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். போகிறவர் இடத்தில் ரிலீவர் (மாற்று ஆள்). இதற்கு எந்த நிர்வாகமும் மறுப்புச் சொல்ல முடியாது.

நைட்_சிஸ்டர்
மறுக்கலை சார், போன தடவையே ஒத்துக்கிட்டாங்க. எங்க யூனிட் ரிலீவர் லிஸ்ட்ல ரெண்டு பேர். ஒருத்தி மெட்டர்னிட்டி லீவ். இன்னொருத்தி நான்.