ரதத்துக்கு மேல வானம் கொதிக்குது – இருட்டான இடத்துல மட்டும் புள்ளி ஓடுறது ஏன்?

செந்தூல்காரன்:

கோலாலம்பூர் தைப்பூச ரதம் துன் எச்.எஸ். லீ சாலையிலிருந்து கிளம்பி ஜாலான் ஈப்போ பக்கம் வர்றதுக்குள்ள விடியக்காலை 2 மணி தாண்டிடுச்சு. அம்மா அர்ச்சனைத் தட்டை மேல நீட்டுறாங்க, குருக்கள் குனிஞ்சு வாங்குறார். கைப்பேசியில 4 நிமிஷம் எடுத்தேன். என் வாழ்க்கையில உருப்படியா எடுத்த ஒரே வீடியோ இதுதான்.

பழைய லேப்டாப்பில நல்லாத்தான் இருந்துச்சு. போன வாரம் 27 அங்குல மானிட்டர் வாங்கி, கணினியை எச்டிஎம்ஐ வயர்ல மாட்டிப் போட்டா, ரதத்துக்கு மேல இருக்கிற வானம் முழுக்க எறும்பு மொய்க்கிற மாதிரி புள்ளி. விளக்கு வெளிச்சம் விழுற இடத்துல ஒண்ணுமே இல்ல. கறுப்பும் கருநீலமும் சேர்ற இடத்துல மட்டும்தான் கொதிக்குது. வீட்டுக்காரி துணி எடுத்துட்டு வந்து திரையைத் துடைச்சிட்டுப் போனா.

எம்பிவிங்கிற வீடியோ பிளேயர்லதான் பார்க்கிறேன். செட்டிங் ஃபைலை இணையத்துல யாரோ போட்டதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். மானிட்டரைத் திருப்பிக் கொடுக்க இன்னும் 3 நாள்தான் இருக்கு. கடைக்காரர் ஏற்கெனவே முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

பிறைப் பையன்:

ராத்திரில போன்ல எடுத்தா அப்படித்தான் லா. ஐஎஸ்ஓ, அதாவது இருட்டுல கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கிற அளவு, ஏறிருக்கும். அடுத்த வருஷம் நல்ல கேமரா கொண்டு போங்க.

செந்தூல்காரன்:

தம்பி, அதே ஃபைல் லேப்டாப்பில சுத்தமா ஓடுதே. அதுக்கு என்ன சொல்றீங்க?

பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்:

மானிட்டரை இப்போ பெட்டிக்குள்ள வைக்காதீங்க அண்ணே. 12 வருஷமா கல்யாண வீடியோ வெட்டுறேன். மண்டப விளக்கை அணைச்சிட்டு கேக் வெட்டுற இடம் வந்தாலே எனக்கு இதே தலைவலிதான்.

முதல்ல அந்தப் புள்ளி எதுக்கு வருதுன்னு சொல்லிடுறேன். 8 பிட் வீடியோவுல ஒரு நிறத்துக்கு 256 படி. கணக்குக்குச் சொல்றேன், ரத விளக்கிலிருந்து திரை ஓரம் வரைக்கும் வானம் இருண்டுக்கிட்டே போறதுக்கு அதுல 12 படிதான் கிடைக்குதுன்னு வைங்க. 1920 பிக்சல் அகலத்தை 12 ஆல வகுத்தா ஒரு படி 160 பிக்சல் அகலம். அது வானமா தெரியாது, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வளையம் வளையமாத் தெரியும். அதை மறைக்கத்தான் டிதரிங், அதாவது புள்ளி தூவுறது. கறுப்புத் தரையில அரிசி மாவை லேசாத் தூவிட்டு எட்ட நின்னு பாருங்க, தரை சாம்பலாத் தெரியும். கிட்டப் போனாத்தான் மாவு. ஆக, அந்தப் புள்ளி வேணும்னே போடுறதுதான். கண்ணுக்குத் தெரியிற அளவுக்குப் போனதுதான் தப்பு.

இனி உங்க வீட்டுல தூவுறது யாருன்னு பிடிக்கணும். வீடியோவை நிறுத்தி வைங்க. புள்ளி உறைஞ்சு நின்னுட்டா ஃபைல் இல்லன்னா பிளேயர். நிறுத்தின பிறகும் நெளிஞ்சா மானிட்டர் இல்லன்னா கிராஃபிக்ஸ் கார்டு. சில பேனல் உண்மையில 6 பிட்தான், நிறத்துக்கு 64 படி. மீதியைக் காட்ட பக்கத்துப் பக்கத்து ரெண்டு படியை வேகமா மாத்தி மாத்திப் போடும். அதை எஃப்ஆர்சின்னு சொல்வாங்க.

உறைஞ்சிருச்சுன்னா விசைப்பலகையில பி-யை (b) தட்டுங்க. புது எம்பிவியில அது டீபேண்டுங்கிற வடிகட்டியைப் போடும், மறுபடி தட்டினா அணைக்கும். டீபேண்ட் அந்த வளையங்களைக் கரைச்சிட்டு, மிச்சத்தை மூட தன் பங்குக்குக் கொஞ்சம் புள்ளியைத் தூவும். ஊரான் செட்டிங்கை ஒட்டினீங்கன்னு சொன்னதுமே எனக்குச் சந்தேகம் அங்கதான்.

இன்னொண்ணு. முழுக் கறுப்பா ஒரு படத்தைத் திரை நிறையத் திறந்துட்டு, அறை விளக்கை அணைச்சுப் பாருங்க. கோப்பி ஓ, பால் ஊத்தாத கறுப்புக் காப்பி, மாதிரி இருக்கணும். சாம்பல் பூத்திருந்தா கிராஃபிக்ஸ் கார்டு லிமிடெட்ல, அதாவது டிவிக்கான குறுகின அளவுல, அனுப்புது. அதுல கறுப்பு 16, வெள்ளை 235. மானிட்டரோ 0-தான் கறுப்புன்னு உட்கார்ந்திருக்கும். அதனால 16 அதுக்குச் சாம்பல். கறுப்புக்குள்ள ஒளிஞ்சு கிடக்க வேண்டிய புள்ளியெல்லாம் வெளியே வந்துடும். எச்டிஎம்ஐல மாட்டினா மானிட்டரை டிவின்னு நினைச்சுக்கிட்டு இப்படி அனுப்புற கார்டு நிறைய உண்டு.

ஈப்போ மாமா:

என்கிட்ட இன்னும் ஒரு பிளாஸ்மா டிவி ஓடுது. பக்கத்துல போனா இருட்டுல இதே கூத்துதான். பிளாஸ்மாவுல ஒவ்வொரு பிக்சலும் ஒண்ணு எரியும் இல்ல அணையும், நடுவுல எதுவும் கிடையாது. வேகமா எரிஞ்சு அணைஞ்சுதான் மங்கலைக் காட்டணும். ரொம்ப மங்கலுக்குப் படி பத்தாது, அதனால புள்ளி தூவும். பானசோனிக் 2013-லயே பிளாஸ்மா செய்றதை நிறுத்திட்டாங்க. நான் 8 அடி தள்ளி நாற்காலியைப் போட்டேன், பிரச்சினை தீர்ந்துச்சு.

செந்தூல்காரன்:

எடிட்டர் அண்ணே, நேத்து ராத்திரி பண்ணிப் பார்த்தேன்.

நிறுத்தினேன், எறும்பெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. பி-யைத் தட்டினேன், முக்கால்வாசி காணோம், ஆனா நீங்க சொன்ன வெங்காய வளையம் வந்துடுச்சு. ஃபைலைத் திறந்து பார்த்தா டீபேண்ட் கிரெய்ன்னு, எவ்வளவு புள்ளி தூவணும்னு சொல்ற ஒரு வரி, 96 போட்டிருக்கு. ஏன் 96-னு எழுதினவருக்குத்தான் தெரியும்.

கறுப்புப் படமும் கோப்பி ஓ இல்ல, சிகரெட் சாம்பல். கார்டு செட்டிங்ல டைனமிக் ரேஞ்ச் லிமிடெட்னு இருந்துச்சு. ஃபுல்லுக்கு மாத்தினதும் திரை ஒரு தடவை இருண்டு வந்துச்சு பாருங்க, மானிட்டர் ஓரமும் வானமும் ஒண்ணாயிடுச்சு. அம்மா கையில இருந்த பச்சைக் கண்ணாடி வளையல்கூட இப்பதான் பச்சையாத் தெரியுது, அதுவரைக்கும் வெளுத்துக் கிடந்திருக்கு.

ஒரு சந்தேகம். மூக்கு திரையில படுற அளவுக்குப் போனா, நிறுத்தின பிறகும் வலது மூலையில லேசா ஏதோ துடிக்குது. கிரெய்னை எவ்வளவு வைக்கலாம்?

பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்:

அந்தத் துடிப்பு பேனலோ கார்டோ பண்றது, அதுக்கு மருந்து இல்ல. சாயுற நாற்காலியில உட்கார்ந்தா தெரியலைல? விடுங்க. கிரெய்னை 16 வைங்க. வளையம் தெரிஞ்சா 24. பிளேயரை மூடித் திறந்தாத்தான் எடுத்துக்கும்.

செந்தூல்காரன்:

16-ல வளையம் லேசா இருந்துச்சு, 24-ல போயிடுச்சு. பெட்டியைக் கிழிச்சுப் போட்டாச்சு.