புதுப்பிப்பு: சீரமைத்த பழைய பீட்டில் காரை விற்பதா வேண்டாமா

ஆறு வருடம் பார்த்துப் பார்த்துச் சீரமைத்த 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை விற்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. விற்றுவிட்டேன்.

கைகொடுத்தது, "மூன்று மாதம் வாரம் ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் இரண்டு வரி எழுதி வையுங்கள்" என்ற யோசனைதான். முதல் வாரமே வண்டி கிளம்பவில்லை. நின்றே கிடந்ததில் பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டில் பிசினாகப் படிந்திருந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து, ஒரு சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் துருவேறி இறுகிப்போயிருந்தது. இதைவிட மோசம், பின்னால் இன்ஜின் பக்கம் போகும் பெட்ரோல் குழாயில் விரிசல். சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீதான். பீட்டில் வைத்திருப்பவர்கள் இன்றே குனிந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நோட்டைப் புரட்டினால், ஓட்டிய சுகத்தைப் பற்றி நான்கே வரி. மீதியெல்லாம் ஸ்பேனர் பிடித்த கதை. சரி, எனக்குப் பிடித்தது ஓட்டுவதல்ல, பிரித்து மாட்டுவது என்று அப்போதுதான் உறைத்தது.

எதிர்பாராதது ஒன்று: வாங்க வந்தவர் பளபளப்பான பெயின்ட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி வெல்டிங் செய்தபோது எடுத்த படங்களையும் பில்களையும்தான் ஒரு மணி நேரம் பார்த்தார். காலி ஷெட் இன்னும் பழகவில்லை.