பெற்றோரின் காயம் ஆறுவதை அருகிலிருந்து பார்த்தவர்கள் உண்டா?

விளக்குப் பிடித்தவன்:
அப்பாவின் காலில் அறுவை சிகிச்சை செய்த இடம் தையல் விட்டுத் திறந்துகொண்டதால், மறுபடி தைக்காமல் அடியிலிருந்தே சதை வளர்ந்து மூடட்டும் என்று மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கு அப்போது 11 வயது. கட்டு மாற்றும்போது விளக்கைப் பிடிப்பது என் வேலை. மற்ற நாட்கள் மங்கிவிட்டன. ஒரு மாலை மட்டும் அப்படியே நிற்கிறது. குழியின் அடியில் சிவப்பாக, மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. துணி பட்டவுடன் இரத்தம் கசிந்தது. புண் முற்றிவிட்டது என்று எண்ணி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா என் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "பார், இது புதுச்சதை. இதற்குள் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, அதனால்தான் தொட்டவுடன் கசிகிறது" என்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கிறது, நீ விளக்கை நேராகப் பிடி" என்றார். பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகள் இப்படிக் கற்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

போன வாரம் என் மகள் மிதிவண்டியிலிருந்து விழுந்து, முழங்கைத் தோல் உரிந்து வந்து நின்றாள். நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ஒன்றுமில்லை, அழாதே" என்று சொல்லிவிட்டு ஒரு கட்டைப் போட்டு அனுப்பினேன். அப்பாவிடம் கற்றதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று இன்றுவரை மனம் உறுத்துகிறது.

மூன்றாம் மகள்:
வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் தந்தை உங்களுக்கு வாய்த்திருக்கிறார். என் அம்மா எதையும் சொல்ல மாட்டார். அதுதான் தைரியம் என்று நாங்கள் மூவரும் நம்பி வளர்ந்தோம். ஒரு நாள் காலை, என்னோடு பேசிக்கொண்டே அவர் அறையைக் கடந்து போனபோது, நடந்த வழியெல்லாம் தரையில் சிவப்புத் தடங்கள் விழுந்திருந்தன. குதிகாலில் ஆழமான புண் இருந்தும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. பல ஆண்டு நீரிழிவு. அந்தப் புண் மூட ஏழு மாதங்கள் ஆயின. ஆகவே பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகள் கற்பது நல்லது என்று நீங்கள் எழுதியதை என்னால் முழுவதும் ஏற்க முடியவில்லை. நான் கற்றது மறைப்பதைத்தான். கையில் சுட்டுக்கொண்ட கொப்புளத்தை நான்கு நாட்கள் யாருக்கும் காட்டாமல் இருந்திருக்கிறேன்.

பழைய செவிலி:
மகளே, உங்கள் அம்மா மறைத்தார் என்று முடிவு கட்டாதீர்கள். நீரிழிவு பாத நரம்புகளைப் பாதித்துவிட்டால் வலியே தெரியாது. தரையில் தடம் விழும்வரை அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்.

என் அம்மா எங்கள் முழங்கால் காயங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரை பொங்குவதைக் கண்டு நிம்மதி அடைவார். அன்பினால் செய்தார், அந்த நுரையின் நினைவு எனக்கு இன்னும் இனிமையானது. ஆனால் அது கிருமிகளோடு, காயத்தை மூட வரும் செல்களையும் கொல்கிறது. ஓடும் நீரில் கழுவினாலே போதும். இரத்தம் நிற்காவிட்டால், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் தொடர்ந்து அழுத்திப் பிடியுங்கள்.

காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பதும் பழைய நம்பிக்கைதான். ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962இல் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காக்கப்பட்ட காயத்தின் மேல்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டினார். பொருக்கு கட்டினால் புதிய செல்கள் அதன் அடியில் ஈரமுள்ள இடம் தேடி நகர வேண்டியிருக்கிறது. எனவே மெல்லிய வாசலின் பூசி மூடி வைப்பதே மேல். முதல் இரண்டு மூன்று நாள் விளிம்பு சிவந்து சற்று வீங்குவது இயல்பு. சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசிக் கணக்கையும் பாருங்கள், டெட்டனஸ் சிறு கீறலிலும் நுழையும்.

விளக்குப் பிடித்தவரே, உங்கள் மகளின் காயம் அப்பாவினுடையதைப் போன்றதன்று. தோல் மேலாக உரிந்த இடம் ஓரத்திலிருந்து மட்டும் மூடுவதில்லை. மயிர்க்கால்களில் எஞ்சிய செல்களிலிருந்தும் தோல் வளர்வதால், நடுவிலும் தீவு தீவாக இளஞ்சிவப்புத் தெரியும். கட்டு மாற்றும்போது அவளுக்கே அதைக் காட்டுங்கள். கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் நனைத்து எடுங்கள், இழுக்காதீர்கள்.

மூன்றாம் மகள்:
அம்மாவுக்கு வலி தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை. அவரைப் பிடிவாதக்காரி என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

விளக்குப் பிடித்தவன்:
நேற்று மாலை கட்டை நனைத்து எடுத்தோம். தீவுகள் இருந்தன, ஐந்து. மகள்தான் எண்ணினாள். பழையபடியே ஆகிவிடுமா என்று கேட்டாள். இது மேலோட்டமானதால் பெரும்பாலும் தடம் தெரியாது என்றும், தாத்தாவுக்கு நேர்ந்ததுபோல் ஆழமாகக் கிழிந்தால் அங்கே வரும் தழும்பு ஓராண்டுக்கு மேல் மெல்ல இறுகினாலும் பழைய தோலின் வலிமையில் 80 விழுக்காட்டுக்கு மேல் எட்டாது என்றும் சொன்னேன். முதல் நாள் நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். "தெரியும்" என்றாள். பிறகு விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு, வாசலினை அவளே பூசிக்கொண்டாள்.