ஜிலேபிக் குஞ்சா, வேறு மீனா? வடவாற்றில் மாட்டிய சிறு மீன்

ஏரிக்கரை:
காட்டுமன்னார்கோவில் பக்கம் வடவாற்றில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டால் விரல் நீளத்தில் ஒரே மாதிரி மீனாக மாட்டுகிறது. பச்சை கலந்த சாம்பல் நிறம். வாலடியில் ஒரு கரும்புள்ளி, செவுள் மூடியை ஒட்டி இன்னொன்று. தூண்டில் முள்ளைக் கழற்றும்போது செவுள் ஓரம் உள்ளங்கையைக் கீறிவிட்டது. கூட வந்தவர் ஜிலேபிக் குஞ்சு என்கிறார். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. மீசை வைத்த மீன் ஒன்றும் கிடைத்தது. படம் தெளிவாக விழவில்லை.

குளத்துமேடு:
மீசைக்காரன் கெளுத்தி. முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தும், பார்த்துப் பிடிங்க. மற்றது ஜிலேபிதான் தம்பி. இப்போது எந்த வாய்க்காலில் அதைத் தவிர வேறு மீன் இருக்கிறது?

செதில்:
அண்ணே, ஜிலேபிக் குஞ்சுக்கும் கரும்புள்ளி உண்டு. ஆனால் அது முதுகுத் துடுப்பின் பின்பக்கம் இருக்கும், வாலடியில் இருக்காது. செவுள் மூடியும் வழவழவென்று இருக்கும், கையைக் கீறாது.

தம்பி, மீன் கையில் இருந்தால் முதுகுத் துடுப்பை விட்டுவிடுங்கள், எல்லாவற்றுக்கும் அது முள்ளாகத்தான் இருக்கும். வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் கீழே ஒரு துடுப்பு இருக்கிறதே, அதில் கெட்டியான முட்களை மட்டும் எண்ணுங்கள். ஜிலேபிக்குப் பெரும்பாலும் 3. பனையேறி என்ற மீனுக்கு 9, 10 என்று போகும். செல்லக்காசு மீனுக்கும் நிறைய முள் உண்டு, ஆனால் அது தட்டையாக, வட்டமாக, மஞ்சளடித்து இருக்கும்.

ஏரிக்கரை:
எண்ணிவிட்டேன், 10. ஈரச்சாக்கில் சுற்றி வந்தது, வீட்டுக்கு வந்தும் துள்ளுகிறது!

செதில்:
அப்போ பனையேறியேதான். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. அதை வைத்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தபோது, 1791இல், டால்டார்ஃப் என்ற அதிகாரி குளத்தோரப் பனைமரத்தில் இது ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். பறவை கவ்விவந்து போட்டிருக்கும் என்பவர்கள் கட்சி நான். தரையில் நகர்வது மட்டும் நிஜம். மழை பெய்தால் செவுள் மூடியின் பற்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்திக் குளம்விட்டுக் குளம் போகும். உங்கள் கையைக் கீறியதும் அந்தப் பற்கள்தான்.

குளத்துமேடு:
எங்கள் பக்கம் இதைக் குழம்பு வைப்பார்கள், ருசி நன்றாக இருக்கும். கழுவும்போதுதான் பாடு. தொட்டியில் விடலாமா?

செதில்:
தனியாக விடலாம் அண்ணே. சின்ன மீன்களோடு விட்டால் தின்றுவிடும். மூடி இல்லாத தொட்டியில் நிற்கவே நிற்காது. தம்பி, அடுத்த முறை ஈரத்துணியால் தலைப்பக்கமாகப் பிடித்து, செவுள் மூடி இரண்டையும் அமுக்கிக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.