புதுப்பிப்பு: ஏ லெவலில் இலக்கியமும் திரைப்படக் கல்வியும்

மகள் ஏ லெவலுக்கு (பிரிட்டனில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் படிப்பு) ஆங்கில இலக்கியம், திரைப்படக் கல்வி, வரலாறு எடுக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். எடுத்துவிட்டாள். லண்டனில் முதலாம் ஆண்டு முடியப்போகிறது.

"படம் பார்ப்பதெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்ட உறவுகளுக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவள் பள்ளி எடுகாஸ் என்ற தேர்வு வாரியத்தின் திரைப்படக் கல்விப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. அதில் பதினொரு முழுநீளப் படங்கள் உண்டு: 1990க்கு முந்தைய ஹாலிவுட், பிரிட்டிஷ் படங்கள், பிறமொழிப் படங்கள், ஆவணப்படம், மௌனப்படம் என்று. எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம். மீதி 30க்குச் சொந்தமாகக் குறும்படம் எடுக்க வேண்டும், அல்லது திரைக்கதை எழுத வேண்டும். கூடவே தன் படைப்பை அலசி ஒரு கட்டுரை. இலக்கியத்தில் எழுதித் தரும் ஒப்படைக்கு 20 சதவீதம்தான், மற்றதெல்லாம் தேர்வு.

எனக்குப் பெரிய மகிழ்ச்சி, இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று வளர்ப்பது. ஒரு காட்சியில் கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று பார்க்கப் பழகியவள், இப்போது நாவலிலும் கதை யார் கண்வழியே வருகிறது, யாருக்குப் பேச்சே தரப்படவில்லை என்று தேடுகிறாள். சாப்பாட்டு மேசையில் என்னோடு வாதாடுகிறாள், ஆதாரத்தோடு.

பல்கலைக்கழகக் கவலைக்கு: பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரஸ்ஸல் குழு, இடம் கிடைக்க அதிகம் உதவும் பாடங்கள் என்று வைத்திருந்த தன் பழைய பட்டியலை 2019இலேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு துறையின் நிபந்தனையையும் தனித்தனியே பாருங்கள். மருத்துவம்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடச் சேர்க்கை உதவாது. அடுத்த ஆண்டு குறும்பட வேலை தொடங்கியதும் மீண்டும் எழுதுகிறேன்.