மறு: ‘மூலோபாயச் சிந்தனை’க்கு மாற்றுச் சொல்

அன்பர்களே,

‘மூலோபாயச் சிந்தனை’ (strategic thinking) என்பதற்கு மாற்றுச் சொல் கேட்டிருந்தேன். தோட்டத் துரைமாருக்கும் (தோட்ட முகாமையாளர்களுக்கும்) தேயிலைத் தொழிற்சாலை நடத்துபவர்களுக்குமான பயிற்சிக் கைந்நூலுக்குத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது. ‘மூலோபாயம்’ நம் இலங்கை அரச ஆவணங்களில் வேரூன்றிவிட்டது. திட்டத்தின் பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும். நான் தேடுவது, திட்டம் எழுதுமுன் மனத்துக்குள் நடக்கும் வேலைக்கான பெயரை. பண்டாரவளை நண்பர் சொன்ன ‘உத்திச் சிந்தனை’ எனக்கு ஒப்பவில்லை. உத்தி என்றால் இந்த மாதத்தைச் சமாளிக்கும் கெட்டித்தனம் என்றே நம்மவர் கொள்வார்கள்.

மீள்நடுகையைப் பாருங்கள். பழைய தேயிலையைப் பிடுங்கி, மண் தேற மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை இரண்டு ஆண்டு வளர்த்து, பிறகு கன்று நட்டால், ஒழுங்காகக் கொழுந்தெடுக்க இன்னும் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை அந்த மலையில், அதாவது அந்தத் தேயிலைப் பரப்பில், வருமானம் கிடையாது. எந்த மலையைப் பிடுங்குவது, எதைக் கவ்வாத்தோடு (கிளைகளை வெட்டிவிடுவதோடு) விடுவது, அங்கே கொழுந்து பறித்தவர்களுக்கு எங்கே பேர் போட்டு வேலை கொடுப்பது, கடன் தாங்குமா என்பதையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்து, ஒன்றைக் கைவிடத் துணிய வேண்டும். பயிற்சியில் பழக்க வேண்டியது இதைத்தான். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டங்களை நிரப்பச் சொல்லிவிட்டுத் தேநீர் இடைவேளைக்குப் போவதில் பயனில்லை.

461ஆம் குறள் அழிவது, ஆவது, பின் வரும் ஊதியம் மூன்றையும் ‘சூழ்ந்து செயல்’ என்கிறது. சூழ்தல் ஆராய்தல். ‘சூழ்ச்சி’ கெட்டுப்போய்விட்டது, அதை மீட்க முடியாது. ஆகவே ‘நெடுஞ்சூழ்வு’ என்று முன்மொழிகிறேன். ‘நெடுஞ்சூழ்வுத் திறன்’, ‘நெடிது சூழ்ந்து முடிவெடுத்தல்’ என்று விரியவும் அது இடம் தரும்.

ஹட்டனிலிருந்து

*

நண்பருக்கு,

‘சூழ்வு’ என்றதும் சூழல், சுற்றாடல் என்றே காதில் விழுகிறது. ஆனாலும் ‘நெடு’ அதைக் காப்பாற்றிவிடும் என்று நினைக்கிறேன். என் மறுப்பு வரைவிலக்கணத்தில். கைவிடுவதை ஏன் கட்டாயமாக்குகிறீர்கள்? 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது கோப்பிதான் இந்நாட்டின் பணப்பயிர். அதை அழித்த இலைத்துரு நோய் இங்கே தென்பட்டது 1869இல். டெய்லர் நோயை முன்கூட்டியே அறிந்தார் என்று நான் கதை கட்டவில்லை. இருக்கும் தொழிலைக் குலைக்காமல், சிறு நிலத்தில் இன்னொன்றைச் சோதித்து வைப்பதும் நெடுஞ்சூழ்வுதானே? அதையும் சேர்த்தால் சொல்லுக்கு என் ஒப்புதல் உண்டு. முதல் பதிப்பில் மட்டும் அடைப்புக்குள் ‘மூலோபாயச் சிந்தனை’ என்று போட்டுவிடுங்கள்.

பதுளையிலிருந்து